சடையப்பர் மாப்பிள்ளை வீடு பார்த்து வந்த கதை

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது என்று ஆரம்பித்தால் சடையப்பருக்குக் கோபம் வரும். காட்டிலுள்ள கரையான் புற்றுகளில் பாதி அவர் குடும்பத்துக்குச் சொந்தம். நாலு பேர் மதிக்கிற கரடி. அதனால், ஒரு காட்டில் சடையப்பர் என்று ஒரு கரடி இருந்தார் என்றே சொல்லிவிடுகிறேன். அவருக்குத் தேனம்மை என்று ஒரு மனைவி, அல்லி என்று ஒரே மகள். அல்லி கூழைக்கடா விமானக் கம்பெனியில் டிக்கெட் எழுதும் வேலையில் இருந்தாள்.

அல்லிக்குக் கல்யாணப் பேச்சு வந்ததும் தரகர் நரி ஒரு ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. மாப்பிள்ளை பனிநாட்டில் இருக்கிறாராம். நம்ம ஊர்க் கருங்கரடிதான், ஆனால் குடும்பத்தோடு அங்கே போய்ப் பத்து வருஷமாகிறது. வெள்ளைக் கரடிகளுக்குச் சரிசமமாக நாற்காலி போட்டு வேலை பார்க்கிறாராம்.

"எனக்கு வேண்டாம்ப்பா," என்றாள் அல்லி. "அங்க போனா ஆறு மாசம் தூங்கணுமாம். என்னால முடியாது."

"அப்ப யாரைத்தான் பிடிக்கும் உனக்கு?"

அல்லி தயங்காமல் புற்றுமலை மருதனின் பெயரைச் சொன்னாள். மருதன் தேனெடுக்கிற கரடி. தேனீக்கள் கொட்டிக் கொட்டி ஒரு காது மடங்கிப்போயிருக்கும்.

சடையப்பர் விழுந்து விழுந்து சிரித்தார். "புற்றுமலையா? அங்க ரோடே கிடையாது பாப்பா. நான் பனிநாட்டுக்குப் போய் வீட்டைப் பார்த்துட்டு வரேன். கை நனைச்சேன்னா தை மாசம் கல்யாணம். அப்புறம் பேச்சே இல்லை."

கரடிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போவார். இலை போடுவார்கள். உட்கார்ந்து சாப்பிட்டுக் கை நனைத்தால் சம்பந்தம் முடிவானது. நனைக்காமல் எழுந்தால் இல்லை. நனைத்த கையை மாற்றிப் பேசிய கரடி இதுவரை பிறக்கவில்லை.

அல்லி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவளே டிக்கெட்டோடு வந்தாள். "எங்க கம்பெனியில வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டு ஆளுக்கு முதல் வகுப்பு டிக்கெட் இலவசமா தருவாங்கப்பா. நீங்க சௌகரியமா போயிட்டு வாங்க."

பெண் வழிக்கு வந்துவிட்டாள் என்று சடையப்பருக்கு ஒரே பெருமை.

விமான நிலையத்தில் சோதனைக்கு நின்ற கீரி, "கம்பளிக் கோட்டைக் கழற்றுங்க," என்றது. "இது கோட்டு இல்லை, நான்தான்," என்றார் சடையப்பர். கீரி அவரை ஓரமாக நிற்கச் சொல்லி ஒரு படிவத்தை நீட்டியது. அதற்குள் டிக்கெட்டின் நிறத்தைப் பார்த்துவிட்டது. படிவம் மறைந்தது. வரிசையில் நின்ற நூறு முயல்களையும் தாண்டித் தனி வழியில் அவரை அழைத்துப் போனார்கள். சடையப்பரின் வாழ்க்கை அங்கேதான் கெட்டுப்போனது.

உட்கார்ந்ததும் ஒரு நாரைப் பெண் வெள்ளையாக, உருண்டையாக, ஆவி பறக்கும் ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கொடுத்தாள். இட்லி என்று நினைத்து சடையப்பர் வாயில் போட்டுக்கொண்டார். "அது முகம் துடைக்கிற துண்டு ஐயா," என்று சொல்லாமல், அவள் இன்னொன்றைக் கொண்டுவந்தாள். சடையப்பர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மற்றவர்கள் செய்வதுபோல் முகத்தில் வைத்துக்கொண்டார். இத்தனை வயதுக்கு அவர் முகத்தை யாரும் அவ்வளவு அக்கறையாக விசாரித்ததில்லை.

அப்புறம் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் கால் மேலே போனது. ஒன்றை அழுத்தினால் நாற்காலி கட்டிலானது. ஒன்றை அழுத்தினால் முதுகில் அரிக்கிற இடத்தைத் தானாகவே கண்டுபிடித்துத் தேய்த்தது. இதற்காக அவர் காட்டில் எத்தனை மரங்களின் பட்டையை உரித்திருக்கிறார். செருப்பு கொடுத்தார்கள். சின்னதாக ஒரு பற்பசை கொடுத்தார்கள். கரையான் சூப், இலுப்பைப்பூ அல்வா, மூன்று மலைத் தேன் என்று தட்டு வந்துகொண்டே இருந்தது. எட்டுத் தடவை சாப்பிட்டார். வேண்டாம் என்று சொன்னால் நாரைப் பெண் வருத்தப்படுவாளோ என்று ஒன்பதாவதும் சாப்பிட்டார்.

எதிரே திரையில் ஒரு குட்டி விமானம் பனிநாட்டை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதை நகத்தால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தார். பின்காற்று நன்றாக வீசுவதால் நாற்பது நிமிஷம் முன்னதாகவே இறங்கிவிடுவோம் என்று விமானி அறிவித்ததும் சடையப்பர் மணியை அழுத்தினார்.

"ஏம்மா, அந்தக் காத்தைக் கொஞ்சம் எதிர்ப்பக்கமா வீசச் சொல்ல முடியாதா?"

"விசாரிச்சுச் சொல்றேன் ஐயா," என்றாள் நாரைப் பெண். அதுவல்லவா மரியாதை.

பனிநாட்டில் கடல்நாய் அதிகாரி, "எத்தனை நாள் தங்குவீங்க?" என்று கேட்டார். "திரும்பிப் போற விமானம் எப்போ?" என்று கேட்டார் சடையப்பர்.

மாப்பிள்ளை வீட்டை இன்றைக்கும் நான் குறை சொல்ல மாட்டேன். விசாலமான குகை. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. சுற்றிலும் பனி கிடக்க, நடுவில் ஒரு ஃபிரிட்ஜும் வைத்திருந்தார்கள். சம்பந்தியாகப் போகிறவர் அதை மூன்று முறை திறந்து காட்டினார். சடையப்பர் சோபாவில் உட்கார்ந்து பக்கவாட்டில் தடவிப் பார்த்தார். பொத்தான் இல்லை. இவ்வளவு வசதியானவர்கள், பாவம், என்று நினைத்துக்கொண்டார். முகம் துடைக்கத் துண்டு கேட்டார். கொடியில் கிடந்த துண்டு பலகை மாதிரி விறைத்திருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் இருங்க. வானத்துல பச்சை வெளிச்சம் ஆடும். அதைப் பார்க்க உலகத்துல இருந்தெல்லாம் வராங்க," என்றார் சம்பந்தி.

"விமானத்துல நீல விளக்கு, ஊதா விளக்கு ரெண்டும் போடுறாங்க," என்றார் சடையப்பர்.

மாப்பிள்ளை வந்து காலில் விழுந்தார். நல்ல பிள்ளை. அவரிடம் சடையப்பர் கேட்ட ஒரே கேள்வி, இங்கிருந்து விமான நிலையத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்பதுதான். பதினேழு வகையோடு இலை போட்டார்கள். சடையப்பர் இலையைப் பார்த்தார், ஏப்பம் விட்டார், கையெடுத்துக் கும்பிட்டார். மூன்று நாள் தங்கப் போனவர் நாலு மணி விமானத்துக்கே கிளம்பிவிட்டார்.

வீடு திரும்பியதும் தேனம்மை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னங்க, வீடு எப்படி?"

"நாற்காலி கட்டிலாகுது தேனம்மை."

"நான் மாப்பிள்ளை வீட்டைக் கேட்டேன்."

"அதுவா? அங்க கால் நீட்ட வசதி பத்தாது."

"கை நனைச்சீங்களா?"

"எங்க நனைக்கிறது? தொண்டை வரைக்கும் ரொம்பியிருந்துச்சு."

தரகர் நரி தலையில் கை வைத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு மாதம் போனது. சடையப்பர் வீட்டில் செருப்போடுதான் நடமாடினார், அதுவும் விமானத்தில் கொடுத்த செருப்பு. கரையான் துவையலை வைத்தால், "வேற என்ன இருக்கு?" என்று கேட்டுத் தேனம்மையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அல்லி மெல்லக் கேட்டாள். "புற்றுமலைக்கும் ஒரு தடவை போயிட்டு வாங்கப்பா. பிடிக்கலைன்னா கை நனைக்காம எழுந்து வந்திடுங்க. அதுக்கு மேல நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

நியாயமாகத்தான் பட்டது. நனைக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டே சடையப்பர் புறப்பட்டார். அங்கே விமானம் போகாது என்று அல்லி விடிகாலை டவுன் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்திருந்தாள். தேனம்மை அவசரமாகக் கட்டுச்சோறு கட்டப் போனாள்.

"எதுக்கும்மா?" என்றாள் அல்லி. "வழியில கொடுப்பாங்களே. அப்பாவுக்குத் தெரியும்."

"ஆமா, கொடுப்பாங்க," என்றார் சடையப்பர்.

பஸ்ஸில் ஏறியதும் ஆவி பறக்கும் துண்டுக்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். காட்டுப்பன்றிக் கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள அவ்வளவு இடம் கிடக்கு," என்று முதுகில் முட்டியது. இரண்டு காட்டெருமைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நாலு மணி நேரம் நின்றார். பொத்தான் என்று நினைத்து ஒன்றை அழுத்தினார். அது பக்கத்திலிருந்த உடும்பின் மூக்கு. இன்னும் இரண்டு பஸ் மாறி, பிறகு வெயிலில் மலையேறி, மருதன் வீட்டு வாசலில் போய் நின்றபோது சடையப்பருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

மருதன் ஓடிவந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தான். வெயிலில் இருந்த சொம்பு. தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். அதுவும் சூடாக இருந்தது. சடையப்பர் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"உட்காருங்க மாமா," என்று மருதன் ஒரு மரக்கட்டையைக் காட்டினான். உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தது. அதற்கே அவருக்குக் கண் கலங்கியது. இலையில் கேழ்வரகுக் களியும் புற்றுக் கரையான் குழம்பும் விழுந்தன. இரண்டாவது உருண்டை உள்ளே போன பிறகுதான் கை நனைந்துவிட்ட விஷயம் ஞாபகம் வந்தது. நனைந்தது நனைந்துவிட்டது என்று மூன்றாவதும் போடச் சொன்னார்.

வீட்டில் தேனம்மை வாசலிலேயே காத்திருந்தாள். "கை நனைச்சீங்களா?"

"முழங்கை வரைக்கும்."

அல்லி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்தார் சடையப்பர். தை மாதம் கல்யாணம் நடந்தது.

நீதி: பிடிக்காத மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க அப்பாவை விமானத்தில் முதல் வகுப்பில் அனுப்ப வேண்டும், பிடித்த மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வெறும் வயிற்றோடு டவுன் பஸ்ஸில் அனுப்ப வேண்டும்.