ஒரு பிடரியின் திரைப்பயணம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிடரியைக் கண்டுபிடித்தது எங்கள் திரைப்பட நிறுவனம். அந்நிறுவனத்தின் விளம்பர அதிகாரி என்ற முறையில் இதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன்.

அந்தப் பிடரிக்குச் சொந்தக்காரரை நாடே அறியும். நகைச்சுவை நடிகர். நன்றாகப் பேசுவார், பாடுவார், அழவும் வைப்பார் என்று அவருடைய நாடகக் காலத்து நண்பர்கள் சொல்வதுண்டு. இந்தக் குறைகளையெல்லாம் நாங்கள் பெருந்தன்மையோடு மன்னித்தோம். முதல் படத்தில் கதாநாயகன் அவர் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். அரங்கம் அதிர்ந்தது. அன்றோடு வாய்க்கு ஓய்வு, பிடரிக்கு உத்தியோகம். 'பிடரியார்' என்று மக்களே பட்டம் சூட்டினார்கள். கதாநாயகர்கள் வந்தார்கள், போனார்கள். கைகள் மாறின, பிடரி நிலைத்தது.

இப்போதைய கதாநாயகன், ரசிகர்களால் 'பூகம்பம்' என்று அழைக்கப்படுபவர், பொய்யடி அடித்துப் பழகாதவர். "இயல்பா வரணும்ணே" என்று மரியாதையாக ஓர் 'அண்ணே' போட்டுவிட்டுத்தான் அடிப்பார். "சரி சார்" என்பார் பிடரியார். அவருக்கு இவர் அண்ணன். இவருக்கு அவர் சார். எவ்வளவு அழகான குடும்ப உறவு!

பொதுமக்களும் இந்தக் கலைத்தொண்டில் பங்கெடுத்தார்கள். முடிவெட்டுபவர் வேலை முடிந்ததும் ஒன்று தட்டி அனுப்பினார். கழுத்து வலிக்கு வைத்தியம் பார்த்த மருத்துவர், "எங்க வலிக்குது, இங்கயா?" என்று பட்டென்று ஒன்று போட்டார். "வீட்டுல சொன்னா நம்ப மாட்டாங்க" என்று கூடவே நின்று படமும் எடுத்துக்கொண்டார்.

சிக்கல் வீட்டில் முளைத்தது. மகளுக்கு வரன் பேச வந்த மாப்பிள்ளையின் அப்பா, ஆசையோடு எழுந்து வந்து பிடரியாரைக் கட்டிப்பிடித்தார். பிடித்த கையோடு பிடரியில் ஒன்று வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. ரொம்ப நாள் ஆசை!"

வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அப்பா, இன்னொரு தடவ. நான் ஃபோன்ல எடுக்கல" என்றார் மாப்பிள்ளை. பிடரியாரும் பழக்க தோஷத்தில் குனிந்து கொடுத்தார். மகள் மட்டும் சிரிக்கவில்லை. நகைச்சுவை உணர்வு இல்லாத பெண், பொறியாளர் வேறு.

"எழுந்திரிங்க எல்லாரும். இந்தக் கல்யாணம் நடக்காது" என்று வாசலைக் காட்டினாள். அவர்கள் போனதும் அப்பாவிடம் வந்தாள். "ஒரு படத்துலயாவது திருப்பி அடிங்கப்பா."

"கதையில இல்லையேம்மா."

"அப்ப கதைய மாத்தச் சொல்லுங்க."

மறுநாளே ஆலோசனைக் கூட்டம் கூடியது. முதலாளி, இயக்குநர், பூகம்பம், கோரிக்கையோடு வந்த பிடரியார், நான், அவசரமாக வரவழைக்கப்பட்ட ஒரு 'சிரிப்பு ஆலோசகர்'. சிரிப்பை அளக்கும் செயலி ஆலோசகரின் ஃபோனில் இருந்தது. முகத்தில் சிரிப்பு இல்லை.

"திருப்பி அடிக்கணுமா?" இயக்குநர் பூகம்பத்தைப் பார்த்துப் பதறினார். "அண்ணே, உங்க இமேஜ் என்னாகும்?"

ஆலோசகர் ஃபோனைத் தடவினார். "டேட்டாவப் பார்த்தா, எளியவன் எழுச்சிதான் சார் இப்ப ட்ரெண்டு."

ட்ரெண்டு என்றதும் முதலாளியின் நெஞ்சில் நீதி பிறந்தது. சம்மதித்தார். பூகம்பமும் சம்மதித்து, ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார்: கை கன்னத்தைத் தொடக் கூடாது, பக்கத்தில் வந்து நின்றுவிட வேண்டும், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

"எனக்கு ரொம்ப சென்சிட்டிவ் ஸ்கின்ணே."

படப்பிடிப்பு நாளில் மகள் லீவு போட்டுவிட்டு வந்து கேமராவுக்குப் பின்னால் நின்றாள். பூகம்பம் வழக்கம்போல 'இயல்பாக' ஒன்று வைத்தார். பிடரியார் தள்ளாடினார், நிமிர்ந்தார், திரும்பினார். கை கிளம்பியது. கன்னத்தின் பக்கத்தில் வந்தது. நிற்கவில்லை.

பளார்!

பூகம்பத்தின் புகழ்பெற்ற சுருள்முடி மொத்தமாகக் கிளம்பிப்போய் ஒரு விளக்கின் மேல் உட்கார்ந்தது. முடி இருந்த இடம் விளக்கைவிடப் பளபளத்தது. முதலில் லைட்மேன் குபீரென்று சிரித்தார். ஒப்பனைக்காரர் சிரித்தார், தையல்காரம்மா சிரித்தார், இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆலோசகரின் செயலி அளக்க முடியாமல் அணைந்தே போனது.

"யோவ்! நெஜமாவே அடிச்சிட்டியா?" என்று கத்தினார் பூகம்பம். 'அண்ணே' எங்கோ தொலைந்திருந்தது.

"இயல்பா வரணும்ல தம்பி" என்றார் பிடரியார். 'சார்' அதைத் தேடிக்கொண்டு போயிருந்தது.

மகள் கைதட்டினாள்.

எங்கள் முதலாளி வியாபாரி. எல்லாரும் சிரித்ததைப் பார்த்தவர், பூகம்பம் எவ்வளவு குதித்தும் அந்தக் காட்சியை நீக்கவில்லை. படம் தணிக்கைக் குழுவுக்குப் போனது. பிடரியாரும் மகளும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பிடரியார் அடிவாங்கிய இடங்களிலெல்லாம் குழுத் தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திருப்பி அடித்ததும் முகம் இருண்டுவிட்டது.

"இத வெட்டணும். அப்பட்டமான வன்முறை. குழந்தைங்க பார்த்தா மனசு கெட்டுப்போயிடும்."

மகள் எழுந்தாள். "அப்ப, எங்கப்பா வாங்கினதெல்லாம் என்ன சார்?"

"அதுவா? அது காமெடிம்மா" என்ற தலைவருக்கு, நினைத்ததும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"போதும்மா, வா" என்றார் பிடரியார். இனி நடிப்பதில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, மகளோடு வெளியே நடந்தார். அவர் இவ்வளவு உயரமானவர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

காட்சியை வெட்டினோம். வன்முறை அடியோடு நீக்கப்பட்ட தூய குடும்பச் சித்திரமாகப் படம் வெளியாயிற்று. முதல் நாளே அரங்கு நிறைந்தது. பிடரியில் விழுந்த ஒவ்வோர் அடிக்கும் கூரை அதிர்ந்தது. உங்களையும் அங்கே பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.