அட்டை கேட்ட கடையும் பக்தரான ராமதாஸும்

முகத்துவாரக்குப்பத்து ராமதாஸ், தமது ஐம்பத்து நான்காம் வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குப் பெரும் பக்தராகிவிடுவது என்று முடிவெடுத்தார்.

பக்தி சிலருக்குச் சிறுகச் சிறுக வரும். ராமதாஸுக்கு மொத்தமாக வந்தது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்தவருக்கு ஆடி மாதம் பிறந்துவிட்டது என்பது முதலில் நினைவுக்கு வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை தம் குடும்பத்தின் முனீஸ்வரன் படையல் என்பது அடுத்து வந்தது. படையலில் சுருட்டோடு ஒரு பிராந்திப் பாட்டிலும் வைப்பது வழக்கம். பூசாரி அதில் ஒரு மூடி அளவைச் சாமியின் காலடியில் தெளித்துவிட்டு, மீதியைக் குடும்பத் தலைவரின் கையில் கொடுப்பார். குடும்பத் தலைவர் யார்? ராமதாஸ். ரேஷன் அட்டையில் அவர் மனைவி கெங்கம்மாவே தலைவி. ஆனால் முனீஸ்வரன் ரேஷன் அட்டை பார்ப்பதில்லை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது ராமதாஸின் வலது மணிக்கட்டில் மஞ்சள் நிறத்தில் இருந்தது.

சித்திரை மாதத்தில் கெங்கம்மா அவரை அம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்று, ஓராண்டு குடிப்பதில்லை என்று கயிறு கட்டுவித்திருந்தார். அழைத்துச் சென்றார் என்பது மரியாதைக்காகச் சொல்வது. அதற்கு முந்தைய வாரம் உறவுக்காரப் பெண்ணின் திருமணத்துக்குப் போன ராமதாஸ், வழியில் சற்றே தாகம் தீர்த்துக்கொண்டு, பக்கத்து மண்டபத்துக்குள் நுழைந்து, முன்பின் அறியாத மாப்பிள்ளையின் விரலில் தங்க மோதிரத்தை அணிவித்து, கண்ணீர் மல்க வாழ்த்தி, பந்தியில் இரண்டு முறை பாயசம் கேட்டு வாங்கி உண்டு திரும்பியிருந்தார். மோதிரம் திரும்பவில்லை. கயிறு வந்தது.

கயிறு எதைத் தடுக்கிறது? ராமதாஸ் வலையின் நிழலில் அமர்ந்து ஆராய்ந்தார். குடிப்பதைத் தடுக்கிறது. பிரசாதத்தை யாராவது குடிப்பார்களா? மாட்டார்கள். பிரசாதம் உட்கொள்ளப்படுவது. மூன்று மாதமாக வறண்டு கிடந்த தொண்டையில் ஒரு நம்பிக்கை ஊறியது. அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

கெங்கம்மா வாசலில் கூடையில் சங்கரா மீனை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“கெங்கா, ஒரு கனவு கண்டேன்மே.”

“இப்பவா? நீ வலைய தான ஒணத்திகினு இருந்த?”

“ஒணத்திகினே லேசா கண்ண மூடினேன். நம்ம முனீஸ்வரன் வந்தாரு. குதிர மேல.”

“வந்து?”

“‘ராமதாசு, தொண்ட வறண்டு கீதுடா’ன்னாரு.”

“தொண்ட யாருக்கு? அவுருக்கா, உனுக்கா?”

“அய்ய! சாமி விசயத்துல இன்னாமே நக்கலு? போன வருசம் குவாட்டரு வச்சி ஏமாத்திட்டோமாம். மன்சுலயே வச்சிகினு கீறாரு.”

“எந்த பாட்டிலுன்னு எதுனா சொன்னாரா?”

“மஞ்ச மூடி போட்டது. அர பாட்டிலு. முழுசான்னுதான் சொல்ல வந்தாரு. அதுக்குள்ள ஒரு கஸ்மாலம் புடிச்ச காக்கா கத்திட்ச்சி, நான் முழிச்சிகினேன்.”

கெங்கம்மா கோபித்துக்கொண்டிருந்தால் ராமதாஸுக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, “சாமி வாய் தொறந்து கேட்டா வைக்காம இருக்க முடியுமா? போயி வாங்கியா,” என்றார். முப்பது ஆண்டு இல்லறம் நடத்திய எந்த ஆணும் இந்த இடத்தில் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும். ராமதாஸ் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைக்குப் புதிய மேற்பார்வையாளர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பெயர் எபினேசர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வந்து வாங்கிப் போனதாக யாரோ புகார் எழுத, அவர் கம்பிக் கதவுக்கு மேல் ஒரு பலகை தொங்கவிட்டிருந்தார்: இருபத்தொரு வயது நிறையாதவர்க்கு விற்பனை இல்லை, அனைவரும் அடையாள அட்டை காட்டவும். அனைவரும் என்றால் அனைவரும். பார்த்தாலே தெரிகிறதே என்னும் வாதத்தை எபினேசர் ஏற்பதில்லை. பார்த்தால் தெரிவதை நம்பியதற்காகப் பழைய ஊரில் ஒருமுறை அவருக்கு இடமாற்றம் கிடைத்திருந்தது.

ராமதாஸுக்கு முன்னால் கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர் நின்றார். எபினேசர் அவரது அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“பொறந்தது நாப்பத்தேழு... அப்பம் எழுவத்தொம்போது. சரிதான் தாத்தா, ஒமக்கு இருவத்தொண்ணு ஆயிட்டு.”

கிழவர் தேர்வில் வென்ற மாணவரைப் போல நகர்ந்தார். ராமதாஸ் கம்பிக்குள் கையை நீட்டினார்.

“மஞ்ச மூடி, அர பாட்டிலு ஒண்ணு குடு நைனா.”

“அட்டய காட்டுங்க அண்ணாச்சி.”

“இன்னா அட்ட?”

“ஒங்களுக்கு இருவத்தொண்ணு ஆயிட்டான்னு எனக்குத் தெரியணும்லா.”

ராமதாஸ் பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

“என்னியவா கேக்கற?”

“ஒங்களத்தான்.”

“மீசைய பாருய்யா! வெள்ளையா கீது!”

“இப்பம் பயலுவ வெள்ளச் சாயமே அடிக்கானுவ அண்ணாச்சி. நான் எத நம்ப?”

“தலைய பாரு! இதுல ஒரு முடி கீதா?”

எபினேசர் தம் தொப்பியைக் கழற்றினார். உள்ளே விளையாட்டு மைதானம்போல வெட்டவெளி. “எனக்கு இது பத்தொம்போதுலயே விழுந்துட்டு,” என்றார்.

ராமதாஸ் சிறிதும் தயங்காமல் மேல்வரிசைக் கட்டுப் பல்லைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“ழ்ழோ பாழு!”

“பல்லு வயசச் சொல்லாது. வாய்ல போடுங்க, ஈ மொய்க்கி.”

பின்வரிசையில் பொறுமை தீர்ந்துகொண்டிருந்தது. “சின்ன பசங்கள எல்லாம் எதுக்குப்பா வரிசையில வுடற?” என்றது ஒரு குரல். “தம்பி, போயி அப்பாவ கூட்டினு வா,” என்றது இன்னொன்று.

பல்லை மாட்டிக்கொண்ட ராமதாஸ் கைப்பேசியை எடுத்தார். “த்தோ, என் பேரன்! நாலாங் கிளாஸு படிக்கறான்!”

“பேரன் வயசு தெரியுது. ஒங்க வயசு எங்க இருக்கு?”

அப்போதுதான் ராமதாஸ் சட்டைப்பையைத் துழாவினார். பணப்பையைத் துழாவினார். ஆதார் அட்டை இல்லை. வாக்காளர் அட்டை இல்லை. மீனவர் நல வாரிய அட்டையும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன், ரேஷன் கடையில் ஏதோ கைரேகை வைக்க வேண்டுமாம் என்று சொல்லிக் கெங்கம்மா அவை அனைத்தையும் வாங்கிப் பீரோவில் பூட்டியிருந்தார். ரேஷன் கடைக்கு மூன்று அட்டைகளும் எதற்கு என்ற கேள்வி ராமதாஸுக்கு இப்போது தோன்றியது. இரண்டு வாரம் தாமதமாகத் தோன்றியது.

பத்து அடி தள்ளி, மீன்பிடித் துறைமுகத்துக்குப் பனிக்கட்டி ஏற்றிப் போகும் வண்டியில் நண்பர் சௌக்கத் அலி அமர்ந்திருந்தார். ராமதாஸ் ஓடினார்.

“தோஸ்து, உன் ஆதார கொஞ்சம் குடு. அஞ்சு நிமிசம்.”

“எதுக்கு?”

ராமதாஸ் சொன்னார். சௌக்கத் அலி சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

“யா அல்லா! அந்த கட பக்கம் நான் மழைக்குகூட ஒதுங்கினது கெடையாது. என் மூஞ்சிய கொண்டுபோயி கம்பிக்குள்ள காட்டப் போறியா?”

“சாமிக்குடா!”

“மாமு, என் போட்டோல நெஞ்சு வரைக்கும் தாடி கீது. உனுக்கு எங்க கீது? ‘எல்லாம் காலைல சரைச்சிட்டேன்’னு சொல்லப் போறியா? சொம்மா பேஜாரு பண்ணாம அண்ணி கிட்டயே போயி கேளு.”

வேறு வழியில்லை. ராமதாஸ் வீடு திரும்பினார்.

“கெங்கா, அந்த அட்டைய எடுமே.”

“எந்த அட்ட?”

“வயசு போட்டது. எனுக்கு இருவத்தொண்ணு ஆவலைன்னு கடக்காரன் சண்டைக்கு வர்றான்.”

கெங்கம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “உனுக்கா? நீ பொண்ணு பாக்க வந்தப்பவே ஆயிருந்திச்சே.”

“அதத்தான் நானும் சொல்றேன்! ஊரே சாட்சி கீது. அவன் அட்ட கேக்கறான்.”

“அட்டைய உன் கையில குடுத்தா ஒண்ணுக்கு மூணா வாங்குவ. எனுக்கும் நாப்பத்தெட்டு ஆவுது, எனுக்கும் அட்ட கீது. நானே போயி வாங்கியாறேன்.”

ராமதாஸுக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று ஐயம் எழுந்தது. “நீயா? அந்தக் கூட்டத்துலயா? உனுக்கு எதுக்குமே செரமம்?”

“சாமி காரியம்யா,” என்றார் கெங்கம்மா.

அந்த நிமிடத்தில் ராமதாஸ் மனைவியைப் பார்த்த பார்வையில், திருமணமான புதிதில்கூட அத்தனை காதல் இருந்ததில்லை.

அன்று முதல் குப்பம் ஓர் அதிசயத்தைக் கண்டது. ராமதாஸ் முனீஸ்வரன் மேடைக்குத் தாமே சுண்ணாம்பு அடித்தார். சாமியின் மீசைக்குக் கறுப்பு மை தீட்டினார். சூலத்தை எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தார். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை கற்பூரம் கொளுத்தினார். சனிக்கிழமை மாலை கெங்கம்மா செய்தித்தாள் சுற்றிச் சணல் கட்டிய ஒரு பாட்டிலோடு வந்து, அதைப் பீரோவின் உச்சியில் நிமிர்த்தி வைத்தார்.

“படையலுக்கு முன்ன கைய வைக்காத. தீட்டு.”

“நான் வைப்பனா?” என்றார் ராமதாஸ். வைக்கவில்லை. ஆனால் இரவு உணவுக்குள் பதினொரு முறை அந்த வழியாக நடந்தார். பன்னிரண்டாம் முறை, யாரும் பார்க்காதபோது, பொட்டலத்தை நோக்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை உச்சிப் பொழுதுக்குள் மேடையைச் சுற்றி உறவும் அக்கம்பக்கமும் கூடிவிட்டன. தலைவாழை இலையில் வஞ்சிரம் வறுவல், நண்டுக் குழம்பு, இறால் தொக்கு, அவித்த முட்டை, சுருட்டு. இலையின் வலப்பக்கம் பொட்டலம். ராமதாஸ் புது வேட்டியில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, கைகூப்பி நின்றார். கண்கள் சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. சற்றே வலப்பக்கம் பார்த்தன. விருந்துக்குப் பனிக்கட்டி கொண்டுவந்த சௌக்கத் அலியும் வேலியோரம் நின்றார்.

பூசாரி மணியடித்தார். சாம்பிராணி எழுந்தது. பொட்டலத்தை எடுத்தார். சணலை அறுத்தார். செய்தித்தாளின் முதல் தாள் விழுந்தது. இரண்டாம் தாள் விழுந்தது. ராமதாஸ் எச்சில் விழுங்கினார். மூன்றாம் தாள் விழுந்தது.

பன்னீர் சோடா.

“இன்னாமே இது!”

“பன்னீர் சோடா.”

“தெரியுது! பிராந்தி எங்க?”

“குடுக்கல.”

“உன் அட்டைய காட்டினியா?”

“காட்டினேன். ‘ஒமக்கு ஆயிட்டு’ன்னு ஒத்துகினாரு. அப்பால, ‘நீங்களா குடிக்கப் போறீய?’ன்னு கேட்டாரு. சாமி காரியத்துல பொய் சொல்லலாமா? முனீஸ்வரன் குடிப்பாருன்னேன். ‘அப்பம் அவருக்கு இருவத்தொண்ணு ஆயிட்டா?’ன்னாரு.”

“சாமிக்கு ஏதுமே வயசு!”

கெங்கம்மா குனிந்து, மேடையின் அடிக்கல்லில் அப்பியிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். எழுத்துகள் தெரிந்தன.

“படி பூசாரி.”

பூசாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு உரக்கப் படித்தார். “இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு, ஆனித் திங்கள், இத்திருமேனி நிறுவப்பட்டது. உபயம், ரா. ராமதாஸ்.” சாமியின் பெயரைவிட உபயத்தின் பெயர் இரண்டு மடங்கு பெரிதாகச் செதுக்கப்பட்டிருந்தது. மறுக்க இடமில்லை.

“ஆனி போயி ஆடி வந்துகீது,” என்றார் கெங்கம்மா. “பத்தொம்போது முடிஞ்சி ஒரு மாசம்.”

“அது செலைக்கு வயசுமே! சாமிக்கு இல்ல!”

“இங்க குந்திகினு கேக்கறது இந்தச் சாமிதான? உன் கனவுல வந்தது இவுருதான? இன்னும் ரெண்டு வருசம் போவட்டும். இருவத்தொண்ணு முடிஞ்சதும் நானே என் கையால வைக்கிறேன். வளர்ற புள்ளைக்கு இப்பவே ஊத்திக் குடுத்து கெடுக்காதய்யா.”

குப்பமே சிரித்தது. சிரிக்காமலிருக்க முயன்ற பூசாரிக்குக் கையிலிருந்த மணி தானாகவே அடித்தது. “கணக்கு சரியாத்தான் கீது ராமதாசு,” என்றார் அவர்.

“சட்டம்னா சட்டம், மாமு,” என்றார் வேலியோரத்து சௌக்கத் அலி.

ராமதாஸ் மனைவியின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். “நெசமாவே அந்தாளு அப்டி கேட்டானா? இல்ல நீயா வுடறியா?”

“நம்பிக்க இல்லன்னா நேரா போயி கேட்டுகினு வா,” என்றார் கெங்கம்மா. “ஆனா அட்ட இல்லாம உன்னிய அவுரு வரிசையிலயே நிக்க வுடமாட்டாரு.”

பூசாரி சோடாவை உடைத்து, முறைப்படி ஒரு மூடி அளவைச் சாமியின் காலடியில் தெளித்துவிட்டு, மீதியைக் குடும்பத் தலைவரிடம் நீட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. ராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார். குடித்து முடித்து, கொற்றலை ஆற்றின் கழிமுகம் வரை கேட்கும்படி நீண்ட ஏப்பம் ஒன்று விட்டார்.

“சாமிக்குத் திருப்தி,” என்று அறிவித்தார் பூசாரி.