கால் பட்டால் கும்பிடும் லோரி

எதிராளியை இடித்து மண்ணைக் கவ்வ வைத்துவிட்டு, ஐயோ கால் பட்டுவிட்டதே என்று அவளையே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட ஒரே ரக்பி ஆட்டக்காரி, ஜொகூர் மாநிலத்தில் எங்கள் லோரிதான். உலகத்திலேயே ஒரே ஆள் என்று எழுதத்தான் ஆசை. நியூசிலாந்திலிருந்து யாராவது சண்டைக்கு வந்துவிட்டால், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்ட நான் எந்த மொழியில் பதில் சொல்வது? அதனால் மாநிலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மூவாரில் சோபா செய்யும் தொழிற்சாலையில் எனக்கு பேக்கிங் வேலை. லாபிஸ் பக்கமிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்த இவள், ஹாஸ்டலில் என் அறைக்கே வந்து விழுந்தாள். முதல் வாரமே ஒரு ஒற்றை சோபாவைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனாள். சரக்கு லோரியில் ஏறப் பலகை போட்டிருக்கவில்லை. காத்திருப்பானேன் என்று சோபாவை அப்படியே உள்ளே எறிந்துவிட்டாள். லோரி ஆடியது, அவள் ஆடவில்லை. அன்றிலிருந்து அவள் பெயர் லோரி.

அவள் ஆடுவது எழுவர் ரக்பி. பக்கத்துக்கு ஏழு பெண்கள், முட்டை மாதிரி ஒரு பந்து. அதைத் தூக்கிக்கொண்டு ஓடி எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். வைக்க விடாமல் தடுப்பவள் இடுப்பைக் கட்டிக் கீழே சாய்ப்பாள். இதைத் தெருவில் செய்தால் போலீஸ் வரும்.

பயிற்சிக்கு ஆள் கிடைக்காத நாளில் என் வயிற்றில் சோபா மெத்தையைக் கட்டி நிறுத்துவாள்.

"சும்மா நில்லுங்கக்கா. மெதுவாத்தான் வருவேன்."

"மெதுவான்னா எப்படி? சைக்கிள் மாதிரியா, பஸ் மாதிரியா?"

பதில் வருவதற்குள் அவள் வந்துவிடுவாள். நான் துணி காயப்போடும் கொடிக்கு அந்தப் பக்கம் கிடப்பேன். அவள் குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

"இடிச்சதுக்கா மன்னிப்பு?"

"இடிச்சது ஆட்டம் லா. கால் பட்டுருச்சு, அது பாவம்."

சின்ன வயதில் அவள் அம்மா பழக்கியது அது. ஆள் மேல் கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும். நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். ஆனால் நாமெல்லாம் பஸ்ஸில் யாரையாவது மிதித்தால் கும்பிடுகிறோம். இவள் ஆடும் ஆட்டத்தில் கால் படாமல் ஒரு நிமிடம் போகாது. ஒருமுறை பந்தின் மேலேயே கால் பட்டுவிட்டது. அதைக் கீழே வைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றுவதற்குள் எதிரணிப் பெண் அதை எடுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டாள்.

மாவட்டத்துக்கு ஆடியவளுக்கு மாநில அணி மட்டும் எட்டாமலிருந்தது இதனால்தான். அணியின் கோச் ஒரு மலாய் அம்மா. கடைசித் தேர்வாட்டத்துக்கு முன்னால் லோரியைக் கூப்பிட்டு அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன். கெட்ட வார்த்தைகளை விட்டுவிட்டேன். "வேகம் இருக்கு, பலம் இருக்கு. ஆனா நீ கும்பிடுற நேரத்துல நாலு பேர் பக்கத்தால ஓடிடுறாங்க. இந்த ஆட்டத்துல ஒரே ஒரு தடவை கும்பிட்டாலும் உன் பேர் இல்ல. அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைங்கதான், உன் வயசுல எடுக்க மாட்டேன்."

லோரி அன்று சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாத சோறு மூன்று பேருக்குப் போதும் என்பதால் விஷயம் ஹாஸ்டல் முழுக்கப் பரவியது.

"மனசுக்குள்ள கும்பிட்டுக்கோ லா" என்றேன்.

"பாத்துட்டேன்கா. மனசு கும்பிடுது, கையும் சேர்ந்து கும்பிடுது."

எனக்குத் தூக்கம் போயிற்று. கவலைப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. மழை வந்தால் வெள்ளம் வருமே என்பேன், வராவிட்டால் குழாயில் தண்ணீர் நிற்குமே என்பேன். யோசித்து யோசித்துக் கோயில் பூசாரியிடம் போய் நின்றேன்.

"சாமி, முன்கூட்டியே கும்பிட்டா செல்லுமா?"

விவரம் கேட்டுக்கொண்டு அவர் நெடுநேரம் மோவாயைச் சொறிந்தார். "அர்ச்சனைக்கே முன்பதிவு வாங்குறோமே. செல்லும்மா."

தேர்வாட்டம் ஜொகூர் பாருவில். விசிலுக்கு முன் எதிரணிப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். லோரி போய் ஒவ்வொருத்தியின் தோளையும் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே நடந்தாள். முதல் பெண் சிரித்தாள். இரண்டாவது பெண் சிரிக்கவில்லை. மூன்றாவது பெண், "இவ ஜம்பி ஓதுறா" என்று மலாயில் முணுமுணுத்தாள். மந்திரம் போடுகிறாளாம். அது வரிசையின் கடைசி வரை போய்ச் சேர்ந்தபோது அங்கே இருந்தவள் இரண்டு அடி பின்னால் போயிருந்தாள். லோரி விடவில்லை, எட்டித் தொட்டாள். பிறகு நடுவரிடம் வந்தாள்.

"எனக்கு எதுக்கு?"

"நீங்களும் உள்ளதான சார் ஓடுறீங்க."

ஆட்டம் தொடங்கியதும் அவளை யாரும் நெருங்கவில்லை. கடன் தீர்த்தவளுக்கு வரும் நிம்மதி அவள் முகத்தில். காலை எங்கே வைக்கிறோம் என்ற கவலையே இல்லாமல், கம்பத்துத் தெருவில் மேயும் கோழிகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் போவதுபோல் போனாள். கோச் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கட்டிய கை மெல்ல அவிழ்ந்தது.

இரண்டாம் பாதியில் எதிரணி ஒரு மாற்று ஆளை இறக்கியது. எல்லோரையும் யோசித்தோம், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களை யோசிக்கவில்லையே.

நினைத்தபடியே ஆயிற்று. பந்தோடு லோரி ஓரக்கோட்டை ஒட்டி ஓடிவர, அந்தப் புதுப்பெண் பாய்ந்து தவறி, வெளியே நின்ற என் காலடியிலேயே விழுந்தாள். தாண்டிப் போன லோரியின் பூட்ஸ் அவள் தோளில் உரசியது. லோரியின் ஓட்டம் தடுமாறியது. கழுத்து திரும்பியது. பந்தை விட்டு ஒரு கை பிரிந்து கீழே வரத் தொடங்கியது. அந்தப் பக்கம் கோச் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அதன் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை; யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். கோட்டைத் தாண்டி உள்ளே போனேன். விழுந்து கிடந்தவளின் தோளைத் தொட்டு என் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டேன்.

"லோரி, உனக்குச் சேர்த்து நான் கும்பிட்டாச்சுடி. ஓடு."

அந்தப் பெண் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க எந்த டீம்?" என்று மலாயில் கேட்டாள்.

லோரி ஓடினாள். பந்தைக் கோட்டுக்கு அப்பால் பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் வைத்தாள். நடுவர் விசிலை ஊதிக்கொண்டே என்னை வெளியே தள்ளிப்போனார். அந்தப் பந்து செல்லாது என்று சொல்லிவிடுவாரோ என்று அவரிடமே கேட்டேன். நான் யாரையும் தடுக்கவில்லையாம். செல்லும், ஆனால் நான் மைதானத்தில் நிற்பது செல்லாது என்றார்.

ஆட்டம் முடிந்து கோச் என்னிடம் வந்தார். "அவ கும்பிடல. நான் பார்த்தேன். எடுத்துக்கிறேன்." போனவர் திரும்பினார். "நீ மட்டும் இனிமே டிக்கெட் எடுத்து, தூரமா உக்காரு."

லோரி இப்போது மாநிலத்துக்கு ஆடுகிறாள். எங்கெங்கோ போகிறாள். ஆட்டத்தைக் கைப்பேசியில் காட்டுகிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் அதைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து மேசைப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்பதில்லை.

"விழுந்துட்டாளா?"

"விழுந்துட்டாக்கா."

"எழுந்துட்டாளா?"

"எழுந்து ஓடுறா."

அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும்.