அசல் இல்லாத மாற்று மருந்து

எய்ட்ஸ் கிருமி உள்ளவர்கள் டாக்டருக்குத் தெரியாமல் வேறு மருந்துகளும் சாப்பிடுகிறார்கள் என்ற அதிர்ச்சித் தகவல் 1997-இல் சுகாதாரத் துறையின் மேலிடத்தை எட்டியது. மேலிடம் சும்மா இருக்குமா? பன்னிரண்டு கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றை உடனே அச்சடித்தது. அதையும் ஆஸ்பத்திரிப் பெயர்ப் பட்டியலையும் தூக்கிக்கொண்டு ஆய்வாளர் பாலகோபால் கருமத்தம்பட்டிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே திருமலைசாமி விசைத்தறி ரிப்பேர் பார்ப்பவர். இரண்டு வருஷமாக அவர் உடம்பில் அந்தக் கிருமி. மனைவி நாச்சியம்மாளைத் தவிர ஊரில் யாருக்கும் தெரியாது. காலையில் சூலூர் வைத்தியரின் அமுக்கரா லேகியம், சாயங்காலம் நிலவேம்புக் கஷாயம். இதில் நோய் போகாது என்று அவருக்கும் தெரியும். ஆனால் ஒன்றுமே சாப்பிடாத நாளில் தறிக்கு அடியில் குனிந்தால், இனி நிமிர்வோமா என்று பயமாக இருந்தது.

பாலகோபால் கதவைச் சாத்திவிட்டு, "இது பரம ரகசியம்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"ஒன்பதாவது கட்டம். டாக்டர் என்ன மருந்து குடுக்கறார்?"

"ஒண்ணுமில்லீங்க. மாத்திரை வெளிநாட்டுல இருக்குது, வந்தா சொல்றேன், நல்லாச் சாப்புடுங்கன்னு சொல்லிப்போட்டாருங்க."

"அப்போ ஒன்பது காலி. பத்து, மாற்று மருந்து. என்ன சாப்பிடறீங்க?"

"லேகியமுங்க."

பாலகோபாலின் பேனா நின்றது. "அது செல்லாதே. அசல் மருந்து இருந்தால்தானே அதற்கு மாற்று?"

"ஏனுங்க சார்," என்றாள் நாச்சியம்மாள், "வவுத்துக்குள்ள போன லேகியத்தை இப்ப என்னங்க பண்றது?"

பாலகோபால் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கத்து விதிகளைப் படித்தார். பிறகு, சாப்பிடுகிற ஒரே மருந்து என்பதால் லேகியத்தை அசல் மருந்தாக ஒன்பதில் எழுதினார். கிடைக்காத வெளிநாட்டு மாத்திரை மாற்று மருந்தாகப் பத்துக்குப் போனது.

"பதினொன்று. மாற்று மருந்தால் பக்கவிளைவு உண்டா?"

"அது இன்னும் வந்தே சேரலீங்களே!"

"பக்கவிளைவு இல்லை," என்று திருப்தியோடு எழுதினார். "பன்னிரண்டு. மாற்று மருந்தை இன்று முதல் அடியோடு கைவிடுகிறேன். இங்கே கையெழுத்துப் போடுங்க."

திருமலைசாமி பேனாவை வாங்கவில்லை. "சார், நாளைக்கு அந்த மாத்திரை வந்தா, வேண்டாம்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிராதுங்களா?"

"ஆகும்தான். ஆனால் கையெழுத்து இல்லாவிட்டால் படிவம் செல்லாது. படிவம் செல்லாவிட்டால் அரசாங்கக் கணக்குப்படி உங்களுக்கு நோயே இல்லை."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வருஷத்தில் இவ்வளவு நல்ல செய்தியை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

"அப்பக் கையெழுத்து வேண்டாங்க சார்," என்றாள் நாச்சியம்மாள் அவசரமாக. "காப்பி சாப்புட்டுட்டுப் போங்க."

அந்த வட்டாரத்தில் படிவம் கண்ட நாற்பத்தோரு பேரும் இதையேதான் செய்திருந்தார்கள். காப்பியின் ருசி மட்டும் வீட்டுக்கு வீடு மாறியது. மூன்றே மாதத்தில் அறிக்கை வந்தது: நோயாளிகள் எண்ணிக்கை பூஜ்யம். ஆகவே, மாத்திரை வந்தாலும் இங்கே அனுப்பத் தேவையில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா நடந்தது. பாலகோபாலுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊரே வந்திருந்ததால் திருமலைசாமியும் போயிருந்தார். இருமலை அடக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். ஆஸ்பத்திரி பெஞ்சில் மாதாமாதம் பக்கத்தில் உட்காருகிற முகங்கள் அங்கங்கே தெரிந்தன. அவர்களும் அவரைப் பார்த்தார்கள். உடனே மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"நம் வட்டாரத்தில் எய்ட்ஸ் அறவே இல்லை!" என்று மைக் முழங்கியது. மண்டபம் அதிர்ந்தது. மற்ற எல்லாரையும்விட அந்த நாற்பத்தோரு பேர்தான் பலமாகக் கைதட்டினார்கள். தட்டாமல் இருந்தால் பக்கத்துச் சீட்டுக்காரர் என்ன நினைப்பார்?