பத்தாயிரம் கட்டமும் ஒரு கொட்டாங்கச்சியும்

ஒரு காட்டில், அதுவும் வருஷம் தவறாமல் வீட்டுக்குள் ஆறு வந்து விசாரித்துவிட்டுப் போகிற காட்டில், மாசிலாமணி என்றொரு முள்ளம்பன்றி இருந்தார். மழை பெய்தால் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவர் உத்தியோகம். அவர் வளையும் ஆற்றங்கரையில்தான்.

அதே உத்தியோகத்தில் அடைக்கலம் என்ற ஆமையும் இருந்தார். அவர் கணக்கு ரொம்பச் சுருக்கம். “மொத்தக் காடும் ஒரே பானை, தம்பி. மழை ஊத்தும், பானை நிறையும், மிச்சம் ஆத்துல வழியும்.”

கேட்ட மாசிலாமணிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. “மேட்டுல பாறை, பள்ளத்துல களிமண். எல்லாம் ஒரே பானையா அண்ணே? அநியாயம்!” காட்டைப் பத்தாயிரம் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொன்றுக்கும் மண், சரிவு, மரம் என்று தனித்தனியாக எழுதினார். கண் பூத்துப்போனது, பாவம்.

மழையை அளக்க மட்டும் காட்டில் இருந்தது ஒரே ஒரு கொட்டாங்கச்சி. அதுவும் ஆமை வீட்டு வாசலில். பத்தாயிரம் கட்டத்துக்கும் அந்த ஒரே மழையைத்தான் நம் மேதை எழுதிவைத்தார். வெளியே மூச்சு விடவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் சிங்கராஜா இரண்டு கணக்கையும் ஒப்பிடச் சொன்னார். மலை உச்சியில் இடி இடித்தது. கொட்டாங்கச்சியில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

“வெள்ளம் வராது” என்றார் ஆமை.

“பத்தாயிரம் கட்டத்துலயும் வராது!” என்றார் மாசிலாமணி.

வீட்டில் மனைவி பொற்கொடி விடவில்லை. “என்னங்க, மலையே கறுத்துக் கிடக்கு. எறும்பெல்லாம் முட்டையைத் தூக்கிட்டு மேட்டுக்குப் போகுது. குட்டிங்களைக் கூட்டிக்கிட்டுப் போயிடலாம்.”

“கணக்குப் போட்டவன் வீடே காலியானா ஊர் சிரிக்காதா? என் மானம் என்னாகுறது?”

“அப்ப நீங்க மானத்தோட இருங்க.” மூட்டையைக் கட்டி, இரண்டு குட்டிகளோடு கிளம்பினாள். அதைப் பார்த்த கரையோர வீடுகளெல்லாம் பின்னாலேயே கிளம்பின.

சாயங்காலம் வீட்டுக்குள் ஆறு வந்தது. கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடி மாசிலாமணி தன் ஓலையைப் புரட்டினார். நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழாம் கட்டம்: காய்ந்த தரை. அது அவர் வீடு!

“வேரைப் பிடிங்க!” என்று மேட்டிலிருந்து ஓடிவந்த பொற்கொடி ஒரு வேரை நீட்டிக் கத்தி, இழுத்துக் கரையேற்றினாள். குட்டிகளை முழுசாகப் பார்த்ததும் அவர் வெட்கத்தை விட்டு அழுதார்.

மறுநாள் அழுகை நின்றது, உத்தியோகம் தொடர்ந்தது. மண் உறிஞ்சும் அளவை ஒவ்வொரு கட்டத்திலும் குறைத்துக்கொண்டே போனார், கணக்கிலும் வெள்ளம் வரும்வரை. ஆமை பானையைச் சின்னதாக்கிக்கொண்டார். இரண்டு கணக்கும் வந்துபோன வெள்ளத்தோடு நூலிழை பிசகாமல் பொருந்தின.

“ஆஹா, இரண்டும் சரி!” என்று பூரித்த சிங்கராஜா, இன்னும் பத்தாயிரம் கட்டத்துக்கு உத்தரவு போட்டார். கொட்டாங்கச்சி வெள்ளத்தோடு போயிருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நீதி: வெள்ளம் வடிந்த பிறகு எல்லாக் கணக்கும் சரியாக வரும். முன்கூட்டியே தெரியவேண்டுமென்றால், கணக்குப் போட்டவர் சம்சாரம் மூட்டை கட்டுகிறாரா என்று எட்டிப் பார்க்கவும்.