கரடியிடம் அனுமதி கேட்டேன்

அன்புள்ள சித்திக்கு,

நீங்கள், சித்தப்பா, தம்பி எல்லோரும் சுகம்தானே? நானும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை ஒத்துழைக்க மறுக்கிறது. வேலையை விட்டு வந்துவிடுகிறேன். அப்பாவிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். "நம்ம வம்சத்துலயே முதல் பட்டதாரி, கலைக்கூடத்துல ஆபீசர்" என்று முடிதிருத்தும் கடை வரைக்கும் பரப்பிவைத்திருக்கிறார். கலைக்கூடம்தான் சித்தி, பொய்யில்லை. கலையெல்லாம் மண்டையோட்டின் மேல் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

லாரியில் அடிபட்ட மான், காட்டில் தானாகச் செத்த பன்றி, எல்லாம் தலையாக மட்டும் வந்து சேரும். கூடத்தை நடத்தும் மேடம் அவற்றில் பூவும் கொடியுமாக வரைவார். சுவரில் மாட்டத் துளை போடுவது என் வேலை. ஆனால் அதற்கு முன் மண்டையோட்டிடம் வாய்விட்டு அனுமதி கேட்க வேண்டும்! மனுஷரிடம் மணி கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எதுக்கு மேடம் இதெல்லாம்?" என்றால், "காட்டை வெட்டினப்ப கேட்டோமா? ரோடு போட்டப்ப கேட்டோமா? இப்பவாவது ஒரு வார்த்தை கேளும்மா" என்கிறார். கேட்டேன். மானும் பன்றியும் பெருந்தன்மையாகப் பேசாமல் இருந்தன. பிறகு கரடி வந்தது. அது வந்ததிலிருந்து பார்சல் கட்டும் பஞ்சு குறைகிறது, தூரிகைகள் மொட்டையாகின்றன, "பிரஷ்ஷு என்ன தானா உதிருதா?" என்று மேடம் என்னையே பார்க்கிறார், இன்று காலை நான் டிரில்லைப் பிடித்துக்கொண்டு கரடி முன் நின்று, "துளை போடலாமாங்க?" என்றேன், உள்ளேயிருந்து பதில் வந்தது சித்தி! கீச்சென்று, கோபமாக. அவ்வளவு பெரிய பல்லுக்கு அவ்வளவு சின்னக் குரல்! டிரில்லைப் போட்டுவிட்டுக் குளியலறையில் தாழ்போட்டுக்கொண்டு, பார்சல் தாளில் இதை எழுதுகிறேன். "வாங்கறவர் நாளைக்கு வர்றார், வெளிய வாம்மா!" என்று மேடம் கதவைத் தட்டுகிறார். நான் வரமாட்டேன். கரடி வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அதை மீறித் துளை போட நான் யார்?

சித்தப்பாவுக்கு வணக்கம், தம்பிக்கு முத்தம். என் தலையாவது முழுதாக ஊர் வந்து சேர வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகள்

பி.கு. (இரண்டு நாள் கழித்து): மலையைக் கெல்லி எலியைப் பிடித்தவர்கள் உண்டு, நாங்கள் கரடிக்குள் தேடிப் பிடித்தோம். மேடம் டார்ச் அடித்துக் காட்டினார்: காணாமல் போன பஞ்சும் தூரிகை மயிரும் மெத்தையாக, அதன்மேல் ஒரு சுண்டெலி, கண் திறக்காத பொடிசுகளோடு. என்னைவிட அதிகமாக அது நடுங்கியது. "கேட்டே, பதில் சொல்லிடுச்சு, அவ்வளவுதான்" என்று மேடம் வாங்க வந்தவரைத் திருப்பியனுப்பிவிட்டார். அப்பாவிடம் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள், வேலையில்தான் இருக்கிறேன். தூசியாவது தட்டலாமா என்று இன்றும் கரடியிடம் கேட்டேன், கீச்சென்றது. கூடாதாம்.