மாப்பிள்ளை வாக்கிங் போயிருக்கிறார்

அதெல்லாம் கல்நெஞ்சு கிடையாது. மாடிவீட்டம்மா சொல்கிறாள் என்று நீங்களும் தலையாட்டாதீர்கள். கூடப் பிறந்த அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாராம், தையல்காரத் தம்பி எட்டிக்கூடப் பார்க்காமல் பார்க்கில் வாக்கிங் போனாராம். அந்தத் தம்பி என் மாப்பிள்ளை. அவரைத் திட்டுவதென்றால் நான் திட்டுவேன், பெண்ணைக் கொடுத்தவள் நான். மாடிவீட்டம்மா என்ன கொடுத்தாள்? ஜாக்கெட் துணி கொடுத்தாள். அதையும் மூன்று தடவை பிரித்துத் தைக்கச் சொன்னாள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். என் மாப்பிள்ளை ஒரு வாக்கிங்காரர். நடக்கிறவர்கள் வேறு, வாக்கிங்காரர்கள் வேறு. தபால்காரர் நடக்கிறார், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் நடக்கிறாள். வாக்கிங் போனேன் என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. வாக்கிங்காரரின் கதையே வேறு. வாசலில் விருந்தாளியின் செருப்பைப் பார்த்தால் வாக்கிங், தொட்டி கழுவ என் மகள் துடைப்பத்தை எடுத்தால் வாக்கிங், நேற்றே தருவதாகச் சொன்ன சட்டையைக் கேட்டு இன்று ஆள் வந்தால் பின்வாசல் வழியாக வாக்கிங், சண்டையில் பெண்டாட்டிக்குச் சொல்லப் பதில் கிடைக்காவிட்டால் வாக்கிங், கிடைத்துவிட்டால் அதைச் சொல்லப் பயந்து இன்னொரு வாக்கிங். போய் என்ன செய்வார்? பெஞ்சில் உட்காருவார்.

டாக்டர் நிஜமாகவே நடக்கச் சொன்னார். அடிகளை எண்ணும் வாட்ச் ஒன்றைப் பேத்தி வாங்கித் தந்தாள். இவர் அதைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு தையல் மெஷினை மிதித்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற மாதம் வேறு. டாக்டர் வாட்ச்சைப் பார்த்தார், எடை மெஷினைப் பார்த்தார், மறுபடி வாட்ச்சைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்குப் பதினெட்டாயிரம் அடியா? எங்கதான் நடக்கிறீங்க?"

"வீட்டுக்குள்ளேயேதான் சார்."

பொய்யா சொன்னார்?

அண்ணனோடு என்ன சண்டை என்கிறீர்களா? சொத்துமில்லை, சுகமுமில்லை. ஒரு சட்டைக் கை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு இவர் ராத்தூக்கம் இல்லாமல் தைத்துக் கொடுத்த சட்டையில் கை ரெண்டு விரல் குட்டையாகிவிட்டது. "என் தம்பி சிக்கனக்காரன், துணியை மிச்சம் பிடிச்சுட்டான்" என்று அந்த மனுஷர் சபை நடுவில் சொல்லிச் சிரித்தார். தையல்காரரைத் திருடன் என்றே சொல்லியிருக்கலாம். பந்தியில் உட்காராமல் வெளியே வந்த மாப்பிள்ளையிடம் எங்கே என்று கேட்டதற்கு என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? அதேதான். ஆயிற்று மூன்று வருஷம்.

போன வாரம் மாடிவீட்டம்மா வந்து கதவில் சாய்ந்துகொண்டாள். உச்சி வெயில். மாப்பிள்ளை காலர் தைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டாங்களாம். டாக்டருங்க கைவிட்டுட்டாங்க. தம்பி வந்தானா, தம்பி வந்தானான்னு கேட்டுக்கிட்டே இருக்காராம்."

மெஷின் நின்றது. மாப்பிள்ளை ஊசியிலிருந்து நூலை அறுத்தார். காலரை நான்காக மடித்தார். எழுந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்றாள் என் மகள்.

"வாக்கிங்."

"இந்த வெயில்லயா?"

"பார்த்தீங்களா, அண்ணன் பேச்சை எடுத்தாலே ஓடுறாரு" என்றாள் மாடிவீட்டம்மா.

"நீ சும்மா இருடி" என்றேன் நான். என் மகள் இன்னொரு கேள்விக்கு வாயைத் திறந்தாள், தொடையில் கிள்ளினேன். எங்கே என்று ஒருவர் அழுத்திக் கேட்டிருந்தால் போதும், அந்த மனுஷர் திரும்பி வந்து உட்கார்ந்திருப்பார். வாக்கிங்காரருக்குப் போகிற இடத்தைச் சொல்ல வாய் வராது.

படி இறங்கினார். பார்க்குக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். இவர் வலது பக்கம் திரும்பினார். கழுத்தில் அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு நினைவில்லை. எனக்குத் தெரிந்து பெஞ்சைத் தேடாமல் அவர் நடந்தது அன்றைக்குத்தான். அந்த மூச்சு இவருக்காகக் காத்திருக்க வேண்டுமே என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரி, நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? செருப்பைத் தேடுகிறீர்களா? போய் வாருங்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.